திராட்சைக்கு சீசன் எப்போது முடிகிறது?

நாலைந்து வருடமாக நானும் அனுமந்தன்பட்டிக்காரப் பெண் ஒருவரும் ஒரு வெப் ஃப்ரேம்வொர்க்கைப் பராமரித்து வருகிறோம். இணையதளம் கட்டுகிறவர்கள் அடித்தளமாக வைத்துக்கொள்ளும் நிரல் அது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

ஒரு வைகாசி சனிக்கிழமை, அல்லிநகரத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, அதன் எடையைக் குறைத்து மறுபடி வடிவமைக்கத் திட்டம் போட்டோம். காரணம் கூடலூர். அங்கே ஜீப் ஓட்டுகிறவர்களின் தளம் எங்கள் நிரலில்தான் ஓடுகிறது. குமுளி மலை ஏறினால் சிக்னல் இளைத்துவிடும். பக்கம் திறப்பதற்குள் ஜீப்பே போய்விடுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

எல்லாத் தளங்களுக்கும் தேவைப்படுவது மட்டும் மையத்தில் இருக்கட்டும், மற்றவை வேண்டியவர் சேர்த்துக்கொள்ளும் தனிப் பேக்கேஜாக வெளியே போகட்டும் என்று விதி எழுதினேன். முதலில் போக வேண்டியது நான் எழுதிய தேதிப் பகுதி என்று அப்போது தோன்றவில்லை. தமிழ் மாதம், அமாவாசை, முகூர்த்தம் எல்லாம் அதில் உண்டு. திராட்சைக் கொடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த நாளிலிருந்து இன்று எத்தனையாவது நாள் என்றும் சொல்லும். மருந்தடிப்பதும் அறுப்பதும் அந்தக் கணக்கில்தான்.

"ஜீப்பு எப்ப கெளம்பும்னு பாக்க வந்தவுகளுக்கு எதுக்குண்ணே அமாவாசை?" என்றார்.

"தேதி இல்லாம ஒரு பக்கமா?"

"தேதி இருக்கும். பஞ்சாங்கந்தான் இருக்காது."

லேப்டாப்பில் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டு, எங்களுக்குத் தெரிந்த தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். இரண்டுதான் உடைந்தன. ஒன்று திராட்சை விவசாயிகளுடையது. மற்றது, ஊர் நடப்புகளைத் தேதிவாரியாக நான் எழுதி வைக்கும் தளம்.

"இந்த ரெண்டாவது தளத்துக்காரரு யாருண்ணே? ரொம்பப் பெரிய ஆளோ?"

சிரித்தேன். ஆனால் விடவில்லை. "விவசாயிக பாதிக் கணக்குல இருப்பாக ஆத்தா. நடுவுல கை வச்சா மருந்து நாள் தப்பிரும். இந்த சீசன் முடியட்டும், எடுத்துருவோம்."

"சீசனா? இங்கன திராட்சைக்கு சீசன் எப்பண்ணே முடிஞ்சிருக்கு?"

எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் கவாத்து நடக்கும். வருடம் முழுக்க யாரோ ஒருவர் பாதிக் கணக்கில்தான் இருப்பார். பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதி. ஆனாலும் வெளியூர்க்காரன் மாதிரி சீசன் முடியட்டும் என்றேன். என் நிரலைக் காப்பாற்ற விவசாயிகளை முன்னால் நிறுத்தினேனா, உண்மையிலேயே அவர்களுக்காகப் பயந்தேனா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். மருந்து தப்பினால் குலை போய்விடும் என்பது பொய்யில்லை.

அதனால் வேலையின் வரிசையை மாற்றினோம். முதலில் பேக்கேஜ். அதை விவசாயிகள் தளத்தில் பொருத்தி, பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே மையத்தில் கை வைப்பது.

"நீங்க வளத்தது, நீங்களே கழட்டுங்க. நான் சரிபாக்குறேன்" என்றார்.

ஆடி வெள்ளி ஒன்றில் கழற்றினேன். விவசாயிகள் பக்கத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நேராக நாள் பிசகாமல் நின்றது. மலையிலும் பக்கம் திறக்கிறது என்று கூடலூரிலிருந்து ஒரு வரி வந்தது. என் தளத்தில் மட்டும் தமிழ்த் தேதி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பேக்கேஜைச் சேர்க்க அதிக நேரம் ஆகாது. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் சேர்க்கவில்லை. தினமும் திறந்து, அந்தக் காலி இடத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் வந்து விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.