என் பின்சில்லைப் பார்த்துக்கொண்டு வந்தவர்

போன கிழமை முழுக்க ஒருவர் என்னைப் பின்தொடர்ந்தார். சிரிக்காதீர்கள். பின்தொடரும் அளவுக்கு நீர் என்ன பெரிய ஆளோ என்று கேட்கிறீர்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன்…

பெற்றோல் இல்லாமற் போனதிலிருந்து எங்கள் கார் சரவணை வீட்டில் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்த்தேன், இருமியது. சைக்கிளைத் துடைத்தெடுத்து, பட்டணத்தில் நான் வேலைசெய்கிற கந்தோருக்கு உழக்கத் தொடங்கினேன். முழங்காலில் நோ, மற்றப்படி சுகம். காருக்குள் இருந்தபோது ரோட்டில் ஒருவர் முகமும் தெரியாது. சைக்கிளில் எல்லாம் தெரிகிறது. தெரிந்தால் சந்தேகமும் ஐமிச்சமும் வரும்தானே?

மண்டைதீவுச் சந்தி தாண்டினால் இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோட்டு. திங்கட்கிழமை அந்தச் சந்தியில்தான் அவர் வந்து சேர்ந்தார் — சாரம் கட்டிய ஒடுங்கிய மனிசன். கண் இரண்டும் சிவப்பு. சைக்கிள் கைபிடியில் சீலையால் இறுக்கிச் சுற்றிய ஒரு பொட்டலம். நான் மெதுவாகப் போனேன், அவரும் மெதுவாக. வேகமாக உழக்கினேன், அவரும் உழக்கினார். முந்திப் போகட்டும் என்று ஓரத்தில் நின்று, சங்கிலியைப் பார்ப்பதுபோல் குனிந்தேன். அவரும் நின்று கடலைப் பார்த்தார்!

செவ்வாயும் அப்படி. புதனும் அப்படி. இந்த நாட்டில், ஆட்கள் காணாமற்போகிற இந்தக் காலத்தில், இதற்கு என்ன அர்த்தம்? இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எழுதிய எதுவோ ஆருக்கோ பிடிக்கவில்லையோ? பொட்டலத்துக்குள் என்ன?

வியாழன் பஸ்ஸில் போனேன். எங்கள் ஊர்ச் சந்திவரை நடை, பிறகு ஒரு கால் மிதிபலகையில், மற்றக் கால் வேறு ஆருடையதோ காலில். அதே ரோட்டில் பண்ணைக் கடலைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தால்… அதே மனிசன். இந்தமுறை எங்கள் ஊர் வாத்தியாரின் சைக்கிளுக்குப் பின்னால்!

இனி என்ன சந்தேகம்? ஆள் வேவு பார்க்கிறார்.

கந்தோரில் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆளின்ரை அடையாளத்தைச் சொல்லும். விசாரிக்கிற ஆக்களுக்கு நான் ஒரு சொல்லுச் சொல்லிவிடுறன்."

ஒரு சொல். அதற்குப் பிறகு அந்த மனிசன் வீடு திரும்புவாரோ, இல்லையோ… நாக்கு நுனிவரை வந்த அடையாளத்தை விழுங்கிவிட்டு, "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

வெள்ளி காலை, கடலின் நடுவே சைக்கிளைக் குறுக்காக நிறுத்தினேன்.

"ஏன் காணும் என்ரை பின்னாலை வாறீர்?"

மனிசன் மிரண்டுபோனார். "கோவியாதேங்கோ ஐயா… நித்திரையாலை."

"நித்திரையோ?"

"ஓம். இரவு முழுக்க வலையோடை கடலிலை நிண்டிட்டு வாறனான். என்ரை மனிசிக்குப் பெரியாஸ்பத்திரியிலை ஒப்பரேசன். அங்கை குடுக்கிற சாப்பாடு அவவுக்கு இறங்காது, நான்தான் கொண்டு போகவேணும். முந்தி ஒருநாள் இதிலை கண் அயந்து, சைக்கிளோடை தண்ணிக்குள்ளை விழுந்திட்டன். ஒருத்தரும் காணேல்லை. முன்னாலை ஒரு சைக்கிள் சில்லு சுத்தினா, அதைப் பாத்துக்கொண்டு முழிச்சிருப்பன். விழுந்தாலும், முன்னாலை போற ஆள் திரும்பிப் பாக்கும்தானே?"

நான் பொட்டலத்தைப் பார்த்தேன். கேட்காமலே அவிழ்த்துக் காட்டினார். தூக்குச்சட்டி. இடியப்பம், மீன்சொதி. இன்னும் சூடு.

உண்மையைச் சொல்கிறேன் — அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. ஆஸ்பத்திரிவரை கூடவே போனேன். வார்ட்டில் மெலிந்த பெண் ஒருவர் கட்டிலில் எழும்பி இருந்தார்.

"இந்த ஐயாவின்ரை சில்லைப் பாத்துத்தான் இவ்வளவு நாளும் வந்து சேர்ந்தனான்" என்றார் மனிசன்.

அவ என்னைக் கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இந்தக் கிழமை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உழக்குகிறோம். கதைத்துக்கொண்டு போனால் நித்திரை வராது என்பது என் யோசனை. என் கதையைக் கேட்டால்தான் கூட நித்திரை வருகிறது என்பது அவருடைய முறைப்பாடு. மனிசி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாவாம்.

ஒருவரைப் பார்த்துப் பயப்பட எங்களுக்கு ஒரு நிமிசம் போதும். வாய் திறந்து கேட்க ஒரு கிழமை பிடிக்கிறது. ஏன்?

பக்கத்து மேசைக்காரர் நேற்று ஞாபகப்படுத்தினார். "என்ன, அடையாளம் சொல்லுறன் எண்டீர்?"

"விடும். அவர் பாவம், நல்ல மனிசன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தாளுக்காக நீர் ஏன் காணும் கதைக்கிறீர்?"

ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுகிறவர், இன்றைக்கு என்னைக் கூப்பிடாமலே போய்விட்டார்.