ஆண்டாள் மேல் கட்டிய பிராது

"எழுந்திரிடி சோம்பேறி. பொழுது விடிஞ்சி எந்நேரமாவுது?" என்று கொளஞ்சியம்மாள் திட்டுவது தன் வலது காலை. இடது காலுக்கு வசவு கம்மி. அது கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கிறது. எலவனாசூர்கோட்டைப் பக்கத்து வயல்களில் இருபது வருஷம் நடவு ஆட்களை விரட்டி வேலை வாங்கிய வாய். இப்போது விரட்டுவதற்கு இந்த இரண்டு கால்கள்தான் மிச்சம்.

வாசலில் இரண்டு சவுக்குக் கம்புகளை இடுப்பளவு உயரத்தில் கிடையாகக் கட்டிவைத்திருக்கிறான் புருஷன் காசிநாதன். அவற்றுக்கு நடுவேதான் நடை. நேற்று எட்டு அடி வந்தது. இன்று ஆறோடு சரி. தொடை வெடவெடவென்று ஆடும். சேலை நனைந்துபோகும், நனைந்தது அவளுக்கே தெரியாது. "சீ, இதுவும் ஒரு பொழப்பா!" என்று காறித் துப்பிவிட்டு மறுபடி கம்பைப் பிடிப்பாள்.

முதுகெலும்பில் டி.பி. என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். எலும்பை அரித்து, உள்ளே ஓடும் நரம்பை நசுக்கிவிட்டதாம். சேலத்தில் ஆபரேஷன் ஆயிற்று. மாத்திரை ஒன்றரை வருஷத்துக்கு. "நடந்தாலும் நடப்பீங்க, நடக்காமலும் போகலாம். முயற்சிய மட்டும் விட்டுடாதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. கால் விழுந்த புதிதில் ஊரே அதைச் செய்வினை என்றது. செய்தது யார்? அந்த மாசம்தான் கொல்லை முருங்கைக்காக ஆண்டாள் சண்டை போட்டிருந்தாள். ஆண்டாள் பக்கத்து வீடு, கொழுந்தன் பெண்டாட்டி. போதாதா? புருஷன் முதுகில் தொற்றிக்கொண்டு விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். கோர்ட்டில் கொடுப்பதுபோல அங்கே சாமிக்குக் காகிதத்தில் பிராது எழுதிக் கட்டுவார்கள். 'என் காலைக் கட்டிய ஆண்டாளின் காலையும் கட்ட வேண்டும்.' அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கட்டியாயிற்று.

இன்றைக்கு அவளைத் தூக்கி உட்காரவைப்பது அதே ஆண்டாள்தான். மூத்திரத் துணி அலசுகிறாள். முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போடுகிறாள். "இதுல இன்னாக்கா இருக்குது, நான் படுத்தா நீ பாக்க மாட்டியா?" என்கிறாள். பிராது சங்கதி அவளுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு தரம் இப்படிச் சொல்லும்போதும் கொளஞ்சியம்மாளுக்குக் கோயிலில் கட்டிய காகிதம்தான் ஞாபகம் வருகிறது.

கட்டியவளே போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். ஆட்டோ வைத்துப் போய்விட்டு வரலாமே என்றான் காசிநாதன். "அறிவு இருக்குதா ஒனக்கு? என் காலு இன்னும் கட்டுனாப்புலயே கெடக்குது, அதுக்குள்ள கேசு எப்பிடி முடிஞ்சிதுன்னு சாமி கேக்காதா? நடந்து போயி நின்னாத்தான் நம்பும்!" டாக்டரின் வார்த்தை எல்லாம் அப்புறம். அவளைத் தினமும் கம்புக்கு இழுத்துக்கொண்டு வருவது இந்தப் பயம்தான். ஆண்டாளோ இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு கம்பின் மறுமுனையில் நின்று கை தட்டுகிறாள். "வாக்கா, வா. இன்னும் ரெண்டே அடி. நடந்தே கோயிலுக்குப் போயிடுவ, பாரு." பாவி மகள்!

இன்று கம்பிலிருந்து அவளை இறக்கி உட்காரவைத்த ஆண்டாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு வாரமா இடுப்பு விண்ணுவிண்ணுங்குது. காலு வேற மரத்துமரத்துப் போவுது."

"எந்தக் காலு?"

"ரெண்டுந்தான்."

ஓர் ஆளைத் தினம் பத்துத் தரம் தூக்கினால் யாருக்கும் இடுப்புப் போகும். கொளஞ்சியம்மாளுக்கு அது தோன்றவே இல்லை. ஆண்டாளின் பாதத்தை இழுத்து மடியில் வைத்து, உள்ளங்காலில் நகம் பதியக் கிள்ளினாள்.

"தெரியுதாடி?"

ஆண்டாள் கொஞ்சம் யோசித்தாள். "லேசா."

கொளஞ்சியம்மாள் அந்தப் பாதத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். கம்புப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் ஊன்றித் தெருவை நோக்கி நகர்ந்தாள். கால்கள் பின்னால் இழுபட்டன.

"எங்கக்கா போற?"

"கோயிலுக்கு. இப்ப விருத்தாசலம் பஸ்சு வரும்."

"நடந்துதான் போவேன்னு சொல்லிக்கினு இருந்தியே?"

கொளஞ்சியம்மாள் அடுத்த கையைத் தூக்கி முன்னால் வைத்தாள்.