கேட்காமலே செகண்ட்ஸ் என்று சொன்ன இசை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள், பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தேன். எங்களிடம் சரக்கு எடுத்த ஜெர்மன்காரர், வழக்கமான சாக்லேட்டுக்குப் பதிலாக ஒருமுறை ஒரு சிடி கொடுத்தார். பியானோ, வயலின், வயோலா, செல்லோ நான்கும் சேர்ந்து வாசிக்க நூற்றைம்பது வருடங்களுக்கு முன் எழுதிய இசை. அருமையானது, ஆனால் தங்கள் நாட்டிலேயே இப்போது யாரும் வாசிப்பதில்லை என்றார்.

யாரும் வாங்காத சரக்குக்குத் திருப்பூரில் ஒரே அர்த்தம்தான். எங்கோ பழுது இருக்கிறது. அதைச் செகண்ட்ஸ் என்று தள்ளிவிடுவோம். எனக்கும் அப்படித் தள்ளிவிட்டார் என்று நினைத்து, கேட்காமலே மேஜையில் போட்டுவைத்தேன்.

செக்கிங் பிரிவில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். சர்ச்சில் வயலின் வாசிப்பவர். சிடியைக் கேட்டு வாங்கிப்போய், சாப்பாட்டு இடைவேளையில் ஹாலில் போட்டுக் கேட்டார். நான் அந்தப் பக்கம் போனபோது முகமெல்லாம் மலர ஓடிவந்தார்.

"சார், மூணாவத மட்டும் கேளுங்க. அந்தப் பெரிய வயலினு பேசுத மாதிரியே இருக்கு!"

"அவிங்க ஊர்லயே போணியாகாத செகண்ட்ஸ் அது. நீ என்னமோ பாஸ் பண்றே?" என்றேன். ஹாலே சிரித்தது.

"லைட்டு போட்டுப் பாத்தீங்களா சார்? பாக்காம ரிஜெக்ட் அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பின்னால் விளக்கு வைத்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் ஒதுக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம்தான். இம்முறை சிரிப்பு என் பக்கம் திரும்பியது. அன்று மதியமே அவரைச் செக்கிங்கிலிருந்து நூல் வெட்டும் வேலைக்கு இறக்கினேன். துணியில் அவர் கண்ணுக்குத் தப்பிய பழுது எதுவும் கிடையாது. அது தெரிந்தே செய்தேன். அந்தச் சனிக்கிழமை சிடியை என் மேஜையில் திரும்ப வைத்துவிட்டு, அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

சில வாரம் கழித்து, மெஷின் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் தனியாக உட்கார்ந்து மூன்றாவதைப் போட்டேன். வயோலா தாழ்ந்த குரலில் ஒரு வரியைத் தொடங்குகிறது. பியானோ குறுக்கிடாமல் ஒவ்வொரு சுரமாக வைத்துக்கொண்டு போகிறது. அந்தப் பெண் சொன்ன பெரிய வயலினான செல்லோ அதே வரியை வாங்கிக்கொண்டு, முடியவேண்டிய இடத்தில் முடிக்காமல் ஒரு படி இறங்கி நின்றுவிடுகிறது. இழை விட்டுப்போன இடம் என்றுதான் என் காதுக்குப் பட்டது. பழுதைப் பிடித்துவிட்ட திருப்தியோடு மறுபடி போட்டேன். மூன்றாம் முறைதான் புரிந்தது. கடைசியில் வயலின் மேலே ஏறுவதே அந்த இடத்தில் கால் வைத்துத்தான். அந்த இறக்கம் இல்லையென்றால் ஏற்றமே இல்லை. இவ்வளவு பொறுமையாக ஒன்றைக் கட்டிய மனிதரை எப்படி மறந்தார்கள்? அவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அடுத்த ஞாயிறு, அந்தப் பெண் எந்த சர்ச்சில் வாசிக்கிறார் என்று விசாரித்து, அனுப்பர்பாளையம் போய் அதன் வாசலில் காத்திருந்தேன்.

"லைட்டு போட்டுப் பாத்தேனுங்க. நான் சொன்னது தப்புங்க" என்று சிடியை நீட்டினேன்.

எங்கள் ஊரில் குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசுவோம். அவரிடம் அன்றுதான் முதல் தடவையாகப் போட்டேன்.

அவர் சிடியை வாங்கவில்லை. "அத்தன பேரு முன்னால ஏசிட்டு, இங்க வந்து தனியா சொல்லுதீங்களே சார். அங்கன போட்டு, அவங்ககிட்ட சொல்லுங்க."

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஹாலில் நின்று சொன்னேன். "அன்னிக்கு அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரிங்க. நான் கேக்காமயே பேசிப்போட்டேன்." யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதைப் போட்டேன். செல்லோ இறங்கி நின்ற இடத்தில், டிபன் பாக்ஸ் கழுவக் கிளம்பிய ஒருத்தி கதவருகே நின்றுவிட்டாள். வயலின் ஏறி முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தக்கா எங்க ஊட்டுப் பக்கந்தானுங்க. நீங்க போட்டீங்கன்னு நான் சொல்லிப்போடறனுங்க."