கருவாட்டுக் காற்றில் காய்ந்த விரிப்புகள்

பல்கலைக்கழகம் திறக்கும்வரை கைச்செலவுக்கு உழைக்கலாமென்று, கடலோரக் கண்டக்குழியில் எங்கள் வீட்டருகே உள்ள உல்லாச விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். முதல் நாளே முகாமையாளர் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

“தங்கச்சி, கருவாடு மணக்குது. வெள்ளைக்காரர் படுக்க மாட்டாங்க.”

முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவும் முகர்ந்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு” என்றார். பிறகுதான் கவனித்தேன்: அம்மா கருவாடு காயப்போட்டிருந்த பக்கமிருந்துதான் என் கொடிக்குக் காற்று வந்தது. வேலை போய்விட்டதென்றே பயந்தேன். நல்லவேளையாக, இன்னொரு முறை பார்ப்போம் என்றார் முகாமையாளர்.

இப்போது கொடியை முற்றத்தின் மறுபக்கம் கட்டியிருக்கிறேன். அதோடு, அண்ணனைக் கல்யாணம் கட்டி மலைநாட்டுக் கண்டியிலிருந்து புதிதாக வந்திருக்கும் அண்ணியிடம் ஒவ்வொரு விரிப்பையும் முகரக் கொடுக்கிறேன். அவருக்கும் மூக்குப் பழகுவதற்குள் பல்கலைக்கழகம் திறந்துவிட வேண்டும்.