தங்க மீனுக்கு அம்மை போட்ட ஒன்பது நாள்

தாளிக்காத குழம்புக்கு ஒரு பச்சை வாசம் உண்டு. அரைத்த தேங்காயும் மஞ்சளும் வெறுமனே கொதித்து, கடுகும் கறிவேப்பிலையும் வந்து சேராமல், ஏதோ கெட்ட சேதிக்குக் காத்திருப்பது போன்ற வாசம். வடசேரியில் சொந்தக் கட்டடத்தில் வண்ணமீன் கடை நடத்துகிறவள் நான், இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனாலும் மீனுக்கு நோய் என்றால் காலேஜ் படித்தவர்களும் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். அந்த வித்தை தொடங்கியது இந்த வாசத்தில்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா நாகர்கோவிலில் ஒரு ஜட்ஜி வீட்டுத் தோட்டக்காரர். ஜட்ஜியின் மனைவியை, எங்களுக்கு ஜட்ஜி அம்மாள், நிமிர்ந்து பார்க்க எங்களுக்குத் தைரியம் கிடையாது. அவருக்குக் கொழும்பிலிருந்து மூன்று தங்க மீன்கள் கண்ணாடித் தொட்டியோடு வந்திருந்தன. அவர் திருவனந்தபுரம் போகும்போது தொட்டியை எங்கள் குடிசையில் வைத்துவிட்டு, "மூணும் உயிரோட இருக்கணும், இல்லேன்னா நீ வேற எடம் பாத்துக்கோ" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே நான் "துணைக்கு" என்று வாய்க்காலில் ஒரு கெண்டைக்குஞ்சைப் பிடித்து உள்ளே விட்டேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால், கண்ணாடிபோல் தெளிந்தது, அதில் என்ன கேடு இருக்கப்போகிறது? நாலாம் நாள் தங்க மீன்களின் மேல் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டன. யாரும் பார்க்குமுன் கெண்டையை வாய்க்காலிலேயே கொண்டு விட்டேன். புள்ளி போகவில்லை.

அப்பா குனிந்து பார்த்தார். "அம்மை போட்டிருக்கு" என்றார்.

அம்மை வந்த வீட்டுக்கு எங்களிடம் சட்டம் உண்டு: வாசலில் வேப்பிலை, மருந்து கூடாது, தாளிக்கக் கூடாது, மீனும் கறியும் அடுப்பேறக் கூடாது. அத்தனையும் அன்றே தொடங்கிவிட்டன. "மீனுக்கு அம்மை வந்தா மனுசன் மீன்கறி திங்கப்பிடாதா? நல்லாருக்கு உமக்க ஞாயம்!" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, கடுகை அவள் தொடவில்லை. வேலை போனால் வீட்டில் ஐந்து உயிர் எங்கே போவது என்ற பயம் அவளுக்கும் இருந்தது. நானோ காலையில் கண்ணை விழிக்கவே அஞ்சினேன். தாளிப்பு நின்ற மூன்றாம் நாள் ஒரு மீன் மல்லாந்து மிதந்தது.

அன்று வந்த மீன்காரி, இனயம் கடற்கரையில் பிறந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், வேப்பிலையைக் கண்டு எட்டி நின்றாள். "எக்கா, ஆருக்கு?"

மீனுக்கு என்றதும் கூடையை இறக்கிவைத்துச் சிரித்துவிட்டு, தொட்டியை உற்றுப் பார்த்தாள். "அம்மையுமில்ல, ஆத்தாளுமில்ல. பேனு பிடிச்சிருக்கு. கல்லுப்பைக் கலக்கி விடுங்க."

"உப்புப் போட்டா கருவாடாயிருமே!" என்றாள் அம்மா.

"செத்ததுக்குத்தான் எக்கா கருவாடு, உசுருள்ளதுக்கு அதே மருந்து. ஏட்டி, வேற மீனு எதும் உள்ள வந்துதா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மேற்கொண்டு கேட்கவில்லை.

மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாளே என்று தவித்த அப்பா, கடைசியில், "உப்பு மருந்தாகாது, அது சாப்பாடு" என்று தாமே ஒரு தீர்ப்புச் சொன்னார். குடத்துக்கு ஒரு பிடி உப்பு. தினமும் பாதித் தண்ணீரை இறைத்து, அடியில் கிடந்த கல்லைக் கழுவி, அம்மைக்காரருக்கு வைப்பதுபோல் வெயிலில் வெதுவெதுப்பாக வைத்த தண்ணீரை ஊற்றினேன். ஒன்பதாம் நாள் மீதி இரண்டின் மேலும் ஒரு புள்ளிகூட இல்லை.

ஜட்ஜி அம்மாள் திரும்பி வந்தார். "ஒண்ணு எங்கே?"

அப்பா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். "அம்மை போட்டுதும்மா. வேப்பிலை கட்டி, தாளிக்காம இருந்து பாத்தோம். ஆத்தா ஒண்ணைக் கொண்டுபோயிட்டா."

அன்றுதான் நான் அம்மாளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். நெற்றி முதல் தாடைவரை அம்மைத் தழும்பு. அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று.

"எத்தனை நாளாத் தாளிக்கல்லை?"

"ஒம்பது நாளு."

தொட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "போய் இன்னைக்குத் தாளிக்கச் சொல்லு" என்றார். அப்பாவின் வேலை நிலைத்தது.

அந்த ஜட்ஜி பங்களா இன்று இல்லை. வாய்க்காலில் கெண்டை இல்லை. பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். என் கடைக்கு வரும் புது மீன், எந்த ஊர் ராஜா அனுப்பியதானாலும், பதினைந்து நாள் தனித்தொட்டியில் கிடந்துதான் மற்றவற்றோடு சேரும். அதற்கு வலைகூடத் தனி. எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிற என் வாய்க்கு, கெண்டையை விட்டது நான்தான் என்று அப்பாவிடம் சொல்ல அவர் சாகும்வரை வரவில்லை. இப்போதும் தொட்டியில் ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டால், உப்பைக் கலக்கிவிட்டு வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொல்கிறேன்: "இன்னைக்குத் தாளிக்காதே, மக்கா."