இருநூற்றுப் பதினான்காம் வில்லை

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் சம்மட்டி அடித்த தம்புசாமிக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அவன் எண் 215. பட்டறை ஆட்கள் ஒவ்வொருவருக்கும் எண் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று உண்டு. காலையில் சங்கு ஊதுவதற்குள் வாசல் பலகையில் அதை மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பக்கத்துக் கொக்கி 214, நாகையாவினுடையது. இருவரும் ஊரிலிருந்து ஒரே கப்பலில் கடல் கடந்து வந்து ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாகையா பிந்தும் நாளெல்லாம் தம்புசாமிதான் இரண்டையும் மாட்டுவான். பதினான்கு வருஷப் பழக்கம். 214-இன் ஓரத்தில் அடிபட்டு விழுந்த ஒரு சொட்டை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவனுக்கு அது தெரிந்துவிடும்.

ஆனால் குடியிருப்பு வேறு. வரிசை வரிசையான கூலி வீடுகள், வரிசைக்கு லயம் என்று பெயர். நாகையா இரண்டாவது லயம். தம்புசாமி கடைசி லயம், சாக்கடைக்கு அந்தப் பக்கம். ஊரில் யார் எந்தத் தெருவோ, அந்தத் தெரு அப்படியே கப்பலேறி வந்து லயமாக உட்கார்ந்துகொண்டது. பட்டறைத் தமிழர் சங்கக் கட்டடத்தில் தமிழ்ப் பள்ளி நடந்தது. கடைசி லயத்துப் பிள்ளைகளுக்குத் தாழ்வாரம். தம்புசாமியின் மகள் இராஜம்மா மழை நாளில் நனைந்த சிலேட்டுப் பலகையோடு வீடு திரும்புவாள்.

அவளை உள்ளே உட்காரவைக்க வேண்டும். அதற்காகத்தான் 1934-இல் சங்கத் தலைவர் பதவிக்கு அவன் நின்றான். எதிரே நின்றவர் பட்டறைக் கணக்கு எழுதும் முதல் லயத்து வேலாயுதம் கிராணி, எட்டு வருஷமாக அவர்தான் தலைவர்.

சங்கத்தில் கை தூக்கித்தான் ஓட்டு. முதல் லயம் தூக்கினால் இரண்டாவது லயம் தூக்கும், பிறகு மூன்றாவது.

"கிராணி கொட்டாவி விடக் கையைத் தூக்கினாலும் கூடவே அம்பது கை மேலே போகும்," என்று நாகையா சிரிப்பான். "யாரும் பார்க்காம ஓட்டுப் போடச் சொல்லு தம்பு. அப்புறம் பாரு. என் ஓட்டு உனக்குத்தான்."

இப்படித்தான் அந்த யோசனை வந்தது. இரகசிய ஓட்டு வேண்டுமென்று தம்புசாமி கேட்டான். ஒரே ஆள் இரண்டு முறை போடாதிருக்க அவரவர் வில்லையையே போடட்டும் என்றும் சொன்னான். கிராணி ஒப்புக்கொண்டார். கடைசி லயத்தார் உள்ளே வர வேண்டாம், ஓட்டைத் தாழ்வாரத்தில் வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்புசாமியே தாழ்வாரத்தில் திரை கட்டி ஆளுக்கொன்றாக இரண்டு பிஸ்கட் தகரங்களை வைத்தான். எந்தத் தகரத்தில் விழுகிறது என்று சத்தம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று இரண்டிலும் கோணித்துணி விரித்தான். சத்தத்தை நினைத்தவன் எண்ணை நினைக்கவில்லை. மற்றவர்களுக்கும் அது தோன்றவில்லை. தினமும் கையில் புரளும் வில்லையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஒருவர் தகரத்தை மற்றவர் எண்ணுவது என்று பேச்சு. உறுப்பினர்கள் முற்றத்தில் நிற்க, இருவரும் திரைக்குப் பின்னே மேசைக்கு வந்தார்கள். தம்புசாமி கிராணியின் தகரத்தைக் கவிழ்த்தான். பத்துப் பத்தாக அடுக்கினான். மூன்றாவது அடுக்கில் விரல் ஒரு சொட்டையில் பட்டது.

திருப்பிப் பார்த்தான். 214.

கை தூக்கச் சொல்லியிருந்தால், பாவம், பயந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளலாம். ஓட்டுப் போடும்போது திரைக்குப் பின்னே கிராணி இல்லை, லயம் இல்லை. நாகையாவும் இரண்டு தகரங்களும்தான் இருந்தன.

அதையும் அடுக்கில் வைத்துவிட்டு மேலே எண்ணினான். ஐம்பத்திரண்டு.

"உனக்குப் பதினொண்ணு," என்றார் கிராணி. "உங்க லயத்துல ஒம்பது பேர்தானே? மிச்சம் ரெண்டு எந்தப் புண்ணியவான்?" ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்போதுதான் அவருக்கும் அது உறைத்தது. "அட, நம்பர் இருக்கே! படிச்சுப் பார்த்துடுவோம்."

தம்புசாமி அதை அவர் கையிலிருந்து வாங்கினான். பதினொன்றையும் உள்ளங்கையால் வாரி ஐம்பத்திரண்டோடு சேர்த்துக் கலைத்துவிட்டான்.

"நான் தோத்துட்டேன், கிராணியாரே. இனி அது எதுக்கு உங்களுக்கு?"

அந்த இரண்டு பேர் யாரென்று அவனும் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்றவர்கள் வந்து குவியலிலிருந்து அவரவர் வில்லையை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அவன் மனைவி மாரியாயி சோற்றைப் பரிமாறினாள். இராஜம்மாதான் கேட்டாள். "அப்பா, நாளைக்கு நான் உள்ளே உட்காரலாமா?"

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா," என்றான்.

மறுநாள் விடியலில் பட்டறைப் பாதையில் நாகையா ஓடிவந்தான்.

"தம்பு, என் சம்சாரத்துக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். மருந்து வாங்கிக் கொடுத்துட்டு வரேன். என்னோடதையும் மாட்டிடு." வில்லையைக் கொடுத்தவன் போகாமல் நின்றான். "இந்தப் பயலுகளை நம்பினோம் பாரு. ஆனா நான் உனக்குத்தான் போட்டேன். தெரியுமில்ல?"

தம்புசாமியின் கட்டைவிரல் சொட்டையின் மேல் இருந்தது.

"தெரியும்," என்றான். "நீ போய் தங்கச்சியைப் பாரு."

அடுத்த மாதம் ரவாங் ஸ்டேஷனுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் குடும்பத்தோடு போய்விட்டான். ஏன் போகிறான் என்று நாகையா எல்லோரிடமும் கேட்டான். தம்புசாமியிடம் மட்டும் கேட்கவில்லை.

ஓட்டுக்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமை, சங்கு ஊதுவதற்கு முன்பே பலகையில் 214 தொங்கியது. தம்புசாமி அதைத்தான் முதலில் மாட்டினான்.