சுருக்கம் விட்டு அடித்த பெட்டி

எங்கள் கார் டிக்கியில் ஒரு அடுப்படி இருக்கிறது. பெட்டியாகத்தான் இருக்கும். வெளியே தூக்கி, அடியில் நாலு காலையும் திருகி நிறுத்தி, முன்பலகையின் தாழை நீக்கினால் அந்தப் பலகை இரண்டு சங்கிலியில் தொங்கி மேசையாகிவிடும். உள்ளே அடுப்புக்கு ஓர் அறை, தட்டுகள் நிற்க ஓர் அறை, எண்ணெய்க்குத் தனிக் குழி, கடுகு, மிளகாய், உப்புக்கு வரிசையாகச் சின்னச் சின்னப் பொந்து. அஞ்சறைப்பெட்டி பெரியவளாகி வெளியூர் கிளம்பினால் எப்படி இருக்கும், அப்படி. என் கையால் செய்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். என் குஞ்சு நிஜமாகவே பொன்தான்.

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு செய்கிறவன். பள்ளிக்கூடப் படிப்பு பாதியோடு சரி. மிச்சமெல்லாம் நாலு பேர் வாயைப் பார்த்துக் கற்றது. யார் நல்ல வார்த்தை சொன்னாலும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

பழைய கார் ஒன்று வாங்கியதிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கால் தங்காது. சமையல் சாமானெல்லாம் கட்டைப் பையில், அடுப்பு ஒரு பழைய துண்டில். ஒருமுறை சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் ஏரிக்கரையில் இறங்கினோம். கத்தியைக் காணோம். டீத்தூளுக்குள் சாம்பார்ப்பொடி கொட்டிக் கிடந்தது. குழம்பு கொதிக்கிற நேரத்தில் உப்பைத் தேடி அவள் பை பையாகக் கவிழ்த்தாள்.

"அவசரத்துக்கு அண்டாவுலகூட கை நுழையாதுன்னு சொல்லுவாங்க. நிதானமாத் தேடு," என்றேன்.

"வாய்க்கு மட்டும் ஒரு கொறையும் இல்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னும் சொல்லுவாங்க. போயி வாங்கியாங்க."

திரும்பப் போய் வாங்கி வந்தேன். சாப்பிட்டோம். ஏரியை நான் பார்த்தேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள்.

அதன்பிறகுதான் பக்கத்து வீட்டு பாய், கல்வராயன் மலைக்குப் போய் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று ஆசை காட்டினார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் நிலம் இருந்தது. பாயும் அவர் வீட்டம்மாவும் நாங்களும், நாலே பேர். என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல. வூட்ல ஒரு அடுப்படி, ரோட்ல ஒரு அடுப்படி. ஊரெல்லாம் லீவுல போவுது, எனக்கு லீவு எங்க இருக்குது?"

அவள் இல்லாமல் மலைக்குப் போய் நான் என்ன செய்வது? முன்சீட்டில் அவள் இல்லாவிட்டால் வழியில் நான் சொல்லுகிற கதைக்கெல்லாம் யார் எதிர்க்கதை சொல்வது? எப்படியாவது அவளை வரவைக்க வேண்டும். அந்த ஒரே யோசனைதான்.

வழி சொன்னதும் பாய்தான். அவர் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவர். குளிர்காலம் வந்தால் அந்த வீட்டார் பாலைவனத்தில் போய்த் தங்குவார்களாம். "வண்டிக்குப் பின்னால ஒரு பெட்டிண்ணே. தொறந்தா முழு கிச்சன். தேடுற வேலையே கெடையாது. அத மட்டும் செஞ்சிட்டீங்கன்னா அக்கா தானா வருவாங்க."

ஆரம்பித்தேன். முதலில் என் மனைவி சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் கண் வாணலியில் இருக்கும், கை தானாகப் போய்க் கடுகு டப்பாவில் நிற்கும். வலது கைக்கு எட்டுகிற இடத்தில் உப்பு, அதற்கு மேலே மஞ்சள், கரண்டி இந்தப் பக்கம், இடுக்கி அந்தப் பக்கம். எல்லாவற்றையும் மனதில் வரைந்துகொண்டேன்.

"என்னா, வேவு பாக்கறீங்களா?" என்றாள்.

"சும்மாதான்."

"சும்மா நிக்கறவரு அந்தத் தேங்காயத் துருவுங்க."

பிளைவுட் வாங்கினேன். கார் டிக்கியை டேப்பு வைத்து அளந்தேன். மதியச் சாப்பாட்டு நேரங்களில் பட்டறையிலேயே பலகையில் கோடு போட்டேன், அங்கேயே அறுத்தேன். கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா? "என்னாப்பா, பொண்டாட்டிக்குத் தேர் செய்யறியா?" "தேர் இல்லடா, அந்தம்மா கோவிச்சிக்கிட்டு இருக்குது, சமாதானப் பெட்டி." நான் காதில் வாங்கவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூலைகளில் விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று. மூட்டுக்கு மூட்டு ஒரு முடி நுழையாது. அச்சு செய்கிற கை சும்மாவா?

ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது. தட்டும் டப்பாவும் அதனதன் அறையில் லேசாக ஆடின. எங்கள் பட்டறையில் பீங்கானை வைக்கோல் வைத்துக் கட்டுகிற அம்மா ஒருத்தர், "ஒடையறது எதுவும் வுழுந்து ஒடையல சாமி, ஆடித்தான் ஒடைஞ்சுது" என்பார். துணி வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வண்ணமெல்லாம் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாயைக் கூப்பிட்டேன். தெருவே வந்து நின்றது. பெட்டியைத் திறந்து காட்டினேன், மூடிக் காட்டினேன். என் மனைவி வாசலில் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போய் டிக்கிக்குள் தள்ளினோம்.

போகவில்லை.

சாய்த்துப் பார்த்தோம். திருப்பிப் பார்த்தோம். பாய் டேப்பை வாங்கிப் பெட்டியை அளந்தார், டிக்கியை அளந்தார். நீளம், அகலம், உயரம், எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதல்.

அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்தது போலிருந்தது. களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். அதனால் நாங்கள் அச்சுக்கு உருவம் செய்யும்போது வேண்டிய அளவைவிடப் பெரிதாகச் செய்வோம். அதைச் சுருக்கம் விடுவது என்போம். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாது என்று, அங்குலத்தையே பெரிதாகக் கோடு போட்ட ஒரு ஸ்கேல் வைத்திருக்கிறேன். அதில் பத்து என்றால் வெளியில் பத்தைவிடக் கொஞ்சம் கூட. பட்டறையில் கைக்கு வந்தது அந்த ஸ்கேல்தான். காரை டேப்பில் அளந்தேன், பலகையைச் சுருக்க ஸ்கேலில் அளந்தேன்.

சொன்னதும் பாய் வண்டிமேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். "பரவால்லண்ணே, இதையும் சூளையில வெச்சுட்டா சரியாப் பூடும்!"

"வெந்து வந்தா ஒரு பிடி சாம்பல் டிக்கியில தாராளமா போவும்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

என் மனைவியும் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் தைரியத்தில் நான் அவளைப் பெட்டிக்கு முன்னால் கூப்பிட்டேன். "அளவு கெடக்கட்டும், சரி பண்ணிடலாம். உள்ள பாரு. கடுகு எங்க இருக்குதுன்னு பாக்காம கைய நீட்டு."

கண்ணை மூடிக் கையை நீட்டினாள். கடுகு. அடுத்து உப்பு. அடுத்து கரண்டி. அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. என்னைப் பார்த்தாள்.

"என் கைக்கு அளவெடுத்துச் செஞ்சிருக்கீங்க."

"ஆமா!" என்றேன், பெருமையாக.

"அப்ப மலையிலயும் நான்தான் ஆக்கணும்."

பாய் டேப்பைச் சுருட்டினார். எனக்கு ஒரு பழமொழிகூட வாயில் வரவில்லை. லீவு எங்கே என்று கேட்டவளுக்கு நான் இன்னும் நல்ல அடுப்படியைச் செய்து நீட்டியிருக்கிறேன்.

அவளேதான் பேசினாள். "எப்படியும் அறுக்கத்தான போறீங்க? அறுக்கறதுதான் அறுக்கறீங்க, உங்க கைக்கு அளவெடுத்து அறுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

நல்லவேளை, ஆணி அடிக்காமல் திருகாணி போட்டிருந்தேன். பலகை பலகையாகக் கழற்றினேன். இந்தத் தடவை டேப்பு ஒன்றுதான். நான் இடதுகைக்காரன். அதனால் அடுப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது, உப்பும் கடுகும் இடம் மாறின. நான் அவளைவிட நல்ல உயரம், பெட்டியின் கால்களும் நீண்டன. தட்டுகள் இப்போது அதனதன் அறையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வராது.

அளவு சரியானால் போதுமா, கை சரியாக வேண்டாமா? பெட்டியைக் கொல்லைப்பக்கம் நிறுத்திச் சமைத்துப் பழகினேன். முதல் உப்புமாவை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. "செங்கல் நல்லா வந்திருக்குது. ஒரு லோடு எனக்கும் சொல்லிவைங்க," என்றார் பாய். என் மனைவி சன்னலோரம் வந்து முகர்ந்து பார்ப்பாள். "பெருங்காயம்" என்று ஒரு வார்த்தை சொல்வாள், போய்விடுவாள். வெளியே வந்து கரண்டியைப் பிடுங்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கிளம்புகிற நாள் விடியலில் நானும் பாயும் பெட்டியை டிக்கிக்குள் தள்ளினோம். வாயில் லட்டு போவதுபோலப் போயிற்று, விரல் நுழையக் கொஞ்சம் இடம் விட்டு. நிமிர்ந்து பார்த்தால் முன்சீட்டில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு தலையணை. கையில் பை, கரண்டி, ஒன்றும் கிடையாது.

"என்னா பாக்கறீங்க? வண்டிய எடுங்க."

மறுநாள் காலை மலைமேல் நல்ல குளிர். அவளும் பாய் வீட்டம்மாவும் மடக்கு நாற்காலியில் டீ தம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். டீ நான் போட்டது. பாய் வெங்காயம் நறுக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "குவைத்துலகூட நான் இப்படி அழுததில்லக்கா," என்றார். நான் வாணலியைப் பார்த்தபடி இடது கையை நீட்டினேன். கடுகு இருந்தது. மறுபடி நீட்டினேன். உப்பு இருந்தது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு காரில் வந்து தங்கியிருந்த ஒரு குடும்பம் பெட்டியைப் பார்த்துவிட்டு நடந்து வந்தது. அந்தப் பெண், வழக்கம்போல, நேராக என் மனைவியிடம்தான் கேட்டாள். "அக்கா, இந்தப் பெட்டி ரொம்ப நல்லா இருக்குதுங்க. எங்க வாங்கினீங்க? எதெது எங்க வெச்சிருக்கீங்க?"

"வாங்கல. எங்க வூட்டுக்காரரு செஞ்சாரு," என்றாள் என் மனைவி. மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு காலை நீட்டி இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"உள்ள எது எங்க இருக்குதுன்னு அவரக் கேளுங்க. நான் லீவுல இருக்கேன்."